மீட்டரில் விளக்கு எரிந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது?

கடலூரில் கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் சின்ன செட். எனக்கு வரும் போன்களில் நிறைய ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "அண்ணே, மீட்டர்ல ஒரு லைட்டு எரியுது. வண்டி நல்லாத்தான் ஓடுது. வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாமா?"

சில விளக்குக்கு வீட்டுக்குப் போகலாம், அடுத்த வாரம்கூட செட்டுக்கு வரலாம். சில விளக்குக்கு அடுத்த தெருமுனை வரைக்கும்கூடப் போகக் கூடாது. என்ன கெட்டுப்போச்சு என்று கண்டுபிடிப்பது என் வேலை. கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது மட்டும் ஓட்டுகிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். கன்னியகோயில் தாண்டி இருட்டில், பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்க, நிறுத்துவதா போவதா என்று முடிவெடுக்கப் போகிறவர் அவர்தான். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து உடனே நிறுத்த வேண்டும் (பேட்டரி மாதிரி சில விதிவிலக்கு உண்டு, அந்தந்த இடத்தில் சொல்கிறேன்). மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று போட்டிருக்கிறது என்று சொல்பவை: ஹை பீம், இண்டிகேட்டர் மாதிரி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீல நிறத்தில் தெர்மாமீட்டர் படம் வருகிறதே என்று பதறிப்போய்க் கேட்பவர்கள் உண்டு. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம், கொஞ்ச தூரம் போனால் தானே போய்விடும். படங்கள் எல்லாக் கம்பெனி வண்டியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐஎஸ்ஓ 2575 என்று இதற்காகவே ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. ஒரு முறை கற்றுக்கொண்டால் எந்த வண்டியில் ஏறினாலும் உதவும்.

விளக்கு எரியும்போது மட்டும் மீட்டரைப் பார்க்கிறோம். நான் எல்லோரிடமும் சொல்வது, சாவியை ஆன் செய்து ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் இரண்டு மூன்று நொடி பாருங்கள். ஆயில், பேட்டரி, இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் ஒன்றாக எரியும். வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் நேரம் அது. ஸ்டார்ட் ஆனதும் ஒவ்வொன்றாக அணைய வேண்டும். அணையாமல் நிற்பதுதான் உங்களிடம் ஏதோ சொல்கிறது. சாவி போட்டதும் எரியவே எரியாத விளக்கு இன்னும் மோசம். பல்பு போயிருக்கும், இல்லையென்றால் யாரோ வேண்டுமென்றே பிடுங்கியிருப்பார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சிவப்பில் எனக்கு அதிகம் பயம் ஆயில் விளக்குதான். மூக்கு நீண்ட எண்ணெய்க் குவளை, நுனியில் ஒரு சொட்டு. நம்ம ஊரில் பல பேர் இதை அலாவுதீன் விளக்கு என்றுதான் சொல்வார்கள்.

நெல்லிக்குப்பத்தில் இருக்கும் ஒரு டீச்சர் பாண்டிச்சேரியிலிருந்து திரும்பும்போது கிருமாம்பாக்கம் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். "தம்பி, அலாவுதீன் விளக்கு எரியுது. பாகூர் ரோடு பக்கம் ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டிச்சு, அதுக்கப்புறம்தான் வந்துச்சு."

"டீச்சர், இப்ப இன்ஜின் ஓடுதா?"

"ஓடுது. ஓரமா நிறுத்திட்டு ஏசி போட்டு உக்காந்திருக்கோம், பசங்க இருக்காங்க."

"மொதல்ல ஆஃப் பண்ணுங்க டீச்சர். பேசறத அப்புறம் பேசிக்கலாம்."

போனிலேயே சாவி திருகும் சத்தம் கேட்டது. இறங்கி வண்டிக்குப் பின்னால் செல்போன் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். தார் ரோட்டில் வந்த வழியெல்லாம் கறுப்பாக ஒரு கோடு இருக்கிறது என்றார். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் சம்ப் கிழிந்து, ஆயில் ஒழுகிக்கொண்டே வந்திருக்கிறது. வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். புது சம்ப், புது ஆயில், ஃபில்டர். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்கும் அதே வண்டியில்தான் பள்ளிக்கூடம் போகிறார். ஏசி போட்டபடி இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் பேரிங் பிடித்துக் கிராங்க் வரைக்கும் போயிருக்கும். அந்தச் செலவுக்கு வேறு பழைய வண்டியே வாங்கிவிடலாம்.

இந்த விளக்கைப் பற்றிப் பலருக்குத் தெரியாதது, இது காட்டுவது ஆயிலின் அளவை இல்லை, அழுத்தத்தை. பம்ப் ஆயிலை உறிஞ்சி பேரிங்குகளுக்கு இடையே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அழுத்தம் விழுந்துவிட்டால் இரும்பும் இரும்பும் நேராக உரசும். அதனால் நிறுத்துங்கள், இன்ஜினை அணையுங்கள். சமமான தரையில் ஐந்து, பத்து நிமிடம் விட்டு ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுதாக விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் தெரிய வேண்டும். குறைவாக இருந்து, அடியில் ஒழுகலும் இல்லையென்றால் சரியான கிரேடு ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். சில நொடிக்குள் விளக்கு அணைய வேண்டும். அணையவில்லையா, உடனே ஆஃப். ஆயில் அளவு சரியாகவே இருந்தும் எரிந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். சென்சார் வயர் கோளாறாகவும் இருக்கலாம், பம்பே போயிருக்கவும் செய்யலாம். கேஜ் மாட்டி அழுத்தத்தை அளந்தால்தான் தெரியும், ரோட்டோரத்தில் நின்று யூகிக்க முடியாது.

விளக்கு எரியவில்லை, அதனால் ஆயில் சரியாக இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். அழுத்தம் விழும் அளவுக்குக் குறைந்த பிறகுதான் அது எரியும். மாதம் ஒரு முறை டிப்ஸ்டிக் பார்ப்பதற்கு மாற்று எதுவும் கிடையாது.

அடுத்த சிவப்பு, அலைகளுக்கு மேல் நிற்கும் தெர்மாமீட்டர். இப்போது வரும் பல வண்டிகளில் ஹீட் முள் கிடையாது. நீல விளக்கு, சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். முள் இருந்தால் ஏறுவதைப் பார்த்து முன்கூட்டியே சுதாரிக்கலாம், விளக்கு மட்டும் உள்ள வண்டியில் சிவப்பு வந்தாலே சூடு எல்லை தாண்டிவிட்டது. ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். பாலத்தின் நடுவில் மாட்டிக்கொண்டு உடனே நிறுத்த இடமில்லை என்றால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாக வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு மெதுவாகப் போங்கள். கேபினுக்குள் வரும் ஹீட்டர் இன்ஜின் சூட்டைத்தான் எடுத்துத் தருகிறது, அதனால் அந்த மட்டுக்குச் சூடு குறையும். இடம் கிடைத்த உடனே நிறுத்த வேண்டும்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. தயவுசெய்து சூட்டில் அதைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி தளர்ந்த அந்த நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். முகம், கழுத்து, கை வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரமாவது காத்திருங்கள். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்துவிடும், விரிசலும் விடும்.

ரேடியேட்டரில் ஊற்ற வேண்டிய கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. கடலோர ஊர்களில் போர் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று குளிக்கிறவர்களுக்கே தெரியும். அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு ஒரு பாட்டில் குடிதண்ணீர் ஊற்றினால் தப்பில்லை, செட்டுக்கு வந்ததும் வடித்துவிட்டு கூலண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

சூடு எப்போது ஏறுகிறது என்று கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஓடும்போது சரியாக இருந்து, பாண்டிச்சேரி மரப்பாலம் சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏறினால் ஃபேன் சுற்றவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஃபியூஸ், ரிலே, மோட்டார் மூன்றில் ஒன்று. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் கூலண்ட் குறைவு, அடைப்பு, தெர்மோஸ்டாட் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

பேட்டரி படம் எரிந்தால் பேட்டரி போச்சு என்று புது பேட்டரி வாங்கி மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மறுநாளும் அதே விளக்கு எரியும். பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. நம் ஊர் மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர், இல்லையென்றால் அதைச் சுற்றும் பெல்ட், இல்லையென்றால் ஒரு வயர். செட்டில் நான் முதலில் செய்வது மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் பேட்டரி டெர்மினலில் வைப்பதுதான். வண்டி நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் செய்ததும் 13.5க்கு மேல், 14.5க்குள் ஏற வேண்டும். ஏறாமல் 12.3, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் வண்டி தன் சேமிப்பைத் தின்றுகொண்டிருக்கிறது.

அந்தச் சேமிப்புதான் உங்கள் கையில் உள்ள நேரம். பகலில் ஏசி, பாட்டு எல்லாம் அணைத்துவிட்டு ஓட்டினால் பக்கத்து ஊர் வரை பெரும்பாலும் வந்துவிடலாம். இரவில் ஹெட்லைட், மழையில் வைப்பர் என்று சேர்ந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். இடையில் டீ குடிக்க நிறுத்தி ஆஃப் செய்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஒன்றே ஒன்று கவனம்: பேட்டரி விளக்கோடு சூடும் ஏறினால் உடனே நின்றுவிடுங்கள். சில வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா பார் என்று டைனமோவைச் சோதிக்கும் பழைய பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அம்பாசடர் காலத்தில் அது நடந்தது. இப்போது கழற்றிய அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியுவையே சுட்டுவிடும். யாராவது ஸ்பேனரோடு வந்தால் தடுத்துவிடுங்கள்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, இரண்டு பக்கமும் அடைப்புக்குறி இருந்தால் பிரேக். முதலில் ஹேண்ட் பிரேக்கை முழுசாக இறக்கிப் பாருங்கள், நிறைய முறை அதுவாகத்தான் இருக்கும். அதன் பிறகும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. பிரேக் பேடு தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும், ஆகவே ஆயிலை மட்டும் ஊற்றி விளக்கை அணைத்துவிட்டால் பேடு தேய்ந்தது தெரியாமலே போய்விடும். பெடலை மிதித்துப் பாருங்கள். கெட்டியாக நின்றால் மெதுவாகப் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை போகலாம். மெத்தென்று கீழே இறங்கினால் ஒரு அடிகூட நகர்த்த வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், கடலோரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பதுதான் ஏபிஎஸ். அதன் விளக்கு மஞ்சளில் தனியாக எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், திடீரென்று அழுத்தினால் மட்டும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம். நிதானமாக ஓட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். பெரும்பாலும் சக்கரத்துப் பக்கம் இருக்கும் சென்சாரில் சேறோ துருவோ, அறுந்த வயரோ. ஏபிஎஸ்ஸும் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பகிர்ந்து கொடுக்கும் வேலையும் நின்றிருக்கும். ஓட்டாதீர்கள்.

இன்ஜின் படம் மஞ்சளில் எரிவதுதான் எல்லோரையும் குழப்புவது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு சென்சார்களும் கண்காணிப்பும் கூடியிருக்கின்றன, அதனால் அந்த விளக்கு எரியக் காரணங்களும் கூடிவிட்டன. ஓட்டுகிறவர் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்: நிலையாக எரிகிறதா, மினுக்குகிறதா? நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல் இழுத்தால் இரண்டு மூன்று நாளில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கலாம். பெட்ரோல் வண்டியில் மினுக்கினால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அது அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். பிளக்கோ, அதற்குக் கரண்ட் கொடுக்கும் காயிலோ மாற்றி முடிய வேண்டியது பல மடங்கு செலவில் போய் நிற்கும். ஆக்ஸிலேட்டரை விட்டு, மெதுவாக ஓரம் கட்டுங்கள்.

ஸ்கேனரில் கோளாறைச் சொல்லும் கோடு நம்பர் (code) ஒன்று வந்தால் அந்தப் பாகத்தை மாற்றிவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். பி 0301 என்று வந்தால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டும்தான் தெரியும். காரணம் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்று அது சொல்லாது. முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி, இரண்டாவதை முதலில் மாட்டி, அந்தக் கோடு நம்பரை அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பேன். இப்போது பி 0302 என்று வந்தால் குற்றவாளி காயில், கோளாறு அதோடு சேர்ந்து நகர்ந்துவிட்டதே. இப்படிச் சோதிக்காமல் வரிசையாகப் பாகம் மாற்றச் சொன்னால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நம் பக்கத்தில் இந்த விளக்குக்கு எலி ஒரு பெரிய காரணம். வயல் ஓரம் வீடு, அறுவடை முடிந்த சமயம், ராத்திரி நிறுத்திய வண்டியின் சூடான பானட். காலையில் வயர் தோல் உரிந்து செம்பு பளபளவென்று தெரியும்.

இன்னொரு காரணம் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரை கடந்தது, அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் தண்ணீர் வந்து கடலூரின் பல பகுதிகளில் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் காயவைத்து ஓட்டிய வண்டிகள் பல, சில மாதம் கழித்து ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங் என்று மூன்று நான்கு விளக்கு ஒன்றாக எரிய வந்தன. சீட்டைக் கழற்றித் தரைக் கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் பஞ்சு இன்னும் ஈரமாக இருக்கும். அதில் புதைந்து கிடக்கும் சாக்கெட்டைப் பிரித்தால் பின் எல்லாம் பச்சைக் களிம்பு. சில பின்கள் விரல் பட்டதும் உதிர்ந்துவிடும். தண்ணீர் கார் தரை வரை ஏறி நின்றிருந்தால் தயவுசெய்து சாவியே போடாதீர்கள். பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு இழுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஈரத்தில் கரண்ட் ஓடினால்தான் களிம்பு அவ்வளவு வேகமாகப் பிடிக்கும்.

பெட்ரோல் விளக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடலூர்க்காரர்களுக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. பாண்டிச்சேரி எல்லைக்குள் பெட்ரோல் விலை குறைவு என்பதால் ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஆல்பேட்டை தாண்டி கன்னியகோயில் பங்க் வரை தள்ளிக்கொண்டு போவது. அதற்கு நான் குறை சொல்லவில்லை, காசு காசுதான். ஆனால் பெட்ரோல் பம்ப் டேங்குக்கு உள்ளேயே, பெட்ரோலில் மூழ்கி இருக்கிறது. சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. எப்போதும் அடிமட்டத்திலேயே ஓட்டினால் பம்ப் சூடேறி ஆயுள் குறையும், அடியில் உள்ள கசடையும் இழுக்கும். கால் டேங்க் இருக்கும்போதே அந்தப் பக்கம் போய் நிரப்பிக்கொண்டு வந்தால் மிச்சம் பிடித்ததும் மிஞ்சும்.

பிஎஸ் 6 டீசல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. டீசல் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டரான டிபிஎஃப் விளக்கு வந்தால், வண்டி கடைத்தெருவுக்குள்ளேயே சுற்றி புகைக்கரி அடைத்திருக்கிறது. சிதம்பரம் போகும் நாலு வழிச் சாலையில் சீரான வேகத்தில் இருபது நிமிடம் விடாமல் ஓட்டினால் பெரும்பாலும் அந்தக் கரி எரிந்துவிடும். அதை அலட்சியம் செய்தால் வண்டி இழுவை குறைந்து, பிறகு ஒர்க்‌ஷாப்பில்தான் சுத்தம் செய்ய முடியும்.

கடைசியாக ஏர்பேக். உட்கார்ந்த ஆளுக்கு முன்னால் பந்து மாதிரி ஒரு படம். வண்டி ஓட இதனால் எந்தத் தடையும் இல்லை, அதனால்தான் வருடக்கணக்கில் எரியவிட்டு ஓட்டுகிறார்கள். எரிந்தால் மோதும்போது பை விரியாமல் போக வாய்ப்பு அதிகம். ஹாரனும் சேர்ந்து அடிக்காமல் போனால் ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் ரிப்பன் கேபிள் அறுந்திருக்கும். வண்டியைக் கழுவி சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திய பிறகு எரிந்தால் சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் சாக்கெட் தளர்ந்திருக்கும். ஆனால் அந்த மஞ்சள் சாக்கெட்டில் கை வைக்கவோ, டெஸ்ட் லேம்ப் குத்தவோ யாரையும் விடாதீர்கள். அந்தக் கொஞ்சக் கரண்டிலேயே பை வெடித்து விரியலாம்.

இங்கேதான் அந்தப் பிடுங்கிய விளக்கின் விஷயம் வருகிறது. நம்மவர்கள் பாண்டிச்சேரியில் பழைய வண்டி வாங்குவது சகஜம். 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநர் ஏர்பேக் புது வண்டிகளில் கட்டாயம், ஆகவே அதற்குப் பிறகு வந்த எந்தக் காரிலும் சாவி போட்டதும் அந்தப் படம் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் வண்டி ஏற்கெனவே மோதி பை விரிந்து, புதுசு போடாமல் மூடியை மட்டும் ஒட்டி, விளக்கைத் துண்டித்து விற்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். வேறு விளக்கோடு வயரைச் சேர்த்துக் கட்டி, இரண்டும் ஒன்றாகவே அணைகிற மாதிரி செய்திருந்த வண்டியையும் பிரித்திருக்கிறேன். அதை வாங்கியவர் தன் பெண்ணுக்குக் காலேஜ் போக வாங்கியிருந்தார். இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும். பெயின்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன்னால் சாவியைப் போட்டு மீட்டரைப் பாருங்கள், ஸ்கேனர் வைத்திருக்கும் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

போன் செய்யும்போது "ஏதோ லைட்டு" என்று மட்டும் சொன்னால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. சிவப்பு என்றால், பேட்டரி விளக்கு மட்டும் தனியாக எரிவதைத் தவிர, முதலில் நிறுத்தி அணைத்துவிட்டு, அப்புறம் கூப்பிடுங்கள். மஞ்சள் என்றால் சாவி போட்டதிலிருந்து ஸ்டார்ட் ஆகி அரை நிமிடம் வரை மீட்டரை வீடியோ எடுத்து அனுப்புங்கள். எப்போது வந்தது, அதற்குச் சற்று முன்னால் தண்ணீரில் போனீர்களா, வண்டி கழுவினீர்களா, எங்கேயாவது அடி தட்டியதா, யாராவது புதுசாக ஹாரனோ ஸ்டீரியோவோ மாட்டினார்களா என்று சேர்த்துச் சொல்லுங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு வரலாமா, நான் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு வர வேண்டுமா என்று அதிலேயே பெரும்பாலும் சொல்லிவிடுவேன்.